நித்திரைக் குளிசை



பாடசாலை அதிபர் ஒருவர் மருந்தைப் பற்றிப் பேச வருவது பொருத்தந்தானா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நான் கலைப் பட்டதாரி; இரசாயனமோ உடற்கூற்றியலோ முறையாகக் கற்றவனல்லன். ஆயினும், இன்று பேச எடுத்துக்கொண்ட மருந்தைப் பத்து ஆண்டுகளாக மாதந்தோறும் கடையில் வாங்கி வந்து, அதை உண்பவரின் கையிலே கொடுத்தவன் நான். எனக்குள்ள தகுதி அதுவொன்றே. வைத்தியர்கள் எழுதியவற்றைப் படிக்கத் தொடங்கியதும் அதற்குப் பின்னர்தான். முன்னரே படித்திருக்க வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில், யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் வீடுவாசலை விட்டு இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அந்தப் பெருங்கூட்டத்திலே என் பெரியம்மாவும் பெரியப்பாவும் இருந்தனர். சிறுவயதிலேயே தாயை இழந்த என்னை வளர்த்தெடுத்தவர் பெரியம்மாவே. சாவகச்சேரிக்கு அண்மையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த காலத்தில் பெரியப்பா காய்ச்சலில் இறந்துபோனார். மறுஆண்டு நாங்கள் வீடு திரும்பினோம். கூரை இருந்தது, கதவுகள் இருக்கவில்லை. வாசலிலே சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு, அதையே பார்த்தபடி பெரியம்மா இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பார். நெஞ்சு படபடக்கிறது என்பார். கண்ணை மூடினால் எவரோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்பார்.

இளம் வைத்தியர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். டயசெப்பாம் 5 மில்லிகிராம், இரவில் ஒன்று, என எழுதிக் கொடுத்தார். அன்றிரவு பெரியம்மா உறங்கினார். ஏறக்குறைய எட்டு மாதங்களுக்குப் பின் அவர் கண்ட முழு நித்திரை அதுவே. அந்த வைத்தியரை நான் இன்றும் நன்றியுடனேயே நினைக்கின்றேன். அவரிடத்திற் பிழையில்லை என்பதைப் பின்னர் சொல்லுவேன்.

அந்த மருந்துத் துண்டைப் பெரியம்மா நான்காக மடித்துத் தம் கொட்டைப்பெட்டியிலே, பாக்குக்கும் சில்லறைக் காசுக்கும் இடையில் வைத்துக்கொண்டார். சம்பளம் எடுக்கும் நாளில் நான் சீனி, தேயிலை, மண்ணெண்ணெய் முதலியவற்றோடு அந்தக் குளிசையையும் வாங்குவேன். மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர். முதலாண்டில் துண்டைப் பார்த்தார், பின்னர் என் முகத்தைப் பார்த்தார், அதுவே போதுமாயிற்று. ஓராண்டு கழிந்தபின் ஒரு குளிசையில் நித்திரை வரவில்லை என்றார் பெரியம்மா, இரண்டாயிற்று. பெரியப்பாவின் திவசத்தையொட்டிப் பகலிலும் ஒன்று வேண்டியிருந்தது. திவசம் முடிந்தும் அந்தப் பகற் குளிசை முடியவில்லை. இவ்வாறு 5 மில்லிகிராம் 15 மில்லிகிராமாயிற்று. இதனை எந்த வைத்தியரும் தீர்மானிக்கவில்லை, நாங்களும் தீர்மானிக்கவில்லை.

இந்தக் குளிசையின் வரலாறு சுவையானது, சற்றுக் கேளுங்கள். லியோ ஸ்டேர்ன்பாக் என்னும் யூத விஞ்ஞானி 1908ஆம் ஆண்டில், இன்று குரோவேசியாவில் உள்ள அட்ரியாற்றிக் கடற்கரை நகரொன்றிலே பிறந்தவர். போலந்து நாட்டின் கிராக்கோ நகரிற் கற்று, அங்கே சாயப்பொருள்களை ஆராய்ந்தார். ஹிட்லரின் கொடுமை பரவிய காலத்தில் சுவிற்சர்லாந்து சென்று, ரோஷ் என்னும் மருந்து நிறுவனத்தில் வேலை பெற்றார். 1941ஆம் ஆண்டில் அந்நிறுவனமே அவரை அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துக்கு அனுப்பிவைத்தது. 1955ஆம் ஆண்டில் மில்டவுன் என்ற மனவமைதி மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து பெருஞ்செல்வம் ஈட்டியது. அதுபோன்ற ஒன்றை நீரும் கண்டுபிடியும் என்று ஸ்டேர்ன்பாக்கைப் பணித்தார்கள். அவர் தம் பழைய சாயப்பொருள் ஆராய்ச்சியிலே கண்ட சேர்வைகளை நினைவுகூர்ந்து, அவ்வினத்தில் நாற்பதளவு சேர்வைகளை உருவாக்கினார். பரிசோதித்தவற்றுள் ஒன்றேனும் பயன்தரவில்லை. கடைசியாக உருவாக்கிய வெண்ணிறத் தூளைச் சோதனைக்கும் அனுப்பாமல் அலுமாரியில் வைத்துவிட்டு வேறு வேலைக்குத் திரும்பினார்.

1957ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஆராய்ச்சிக்கூடத்தைத் துப்புரவாக்கும்போது உதவியாளர் ஒருவரின் கண்ணில் அந்தத் தூள் பட்டது. எறிந்துவிடுமுன் ஒருமுறை சோதித்துப் பார்ப்போமே என்று அனுப்பினார்கள். விலங்குகள் மயங்காமலே சாந்தமடைந்தன. அதுவே 1960ஆம் ஆண்டில் லிப்ரியம் என்ற பெயரோடு வெளிவந்தது. அதனினும் வலிய தம்பியாக 1963ஆம் ஆண்டில் வாலியம் வந்தது. அதன் மருத்துவப் பெயரே டயசெப்பாம். வலுவோடு இருத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வாலியம் என்ற பெயரை ஆக்கினார்களாம். பின்வந்த லோரசெப்பாம், குளோனசெப்பாம், அல்பிரசோலம் ஆகியனவும் இக்குடும்பத்தனவே.

அதற்கு முன்னிருந்த பார்பிட்டியூரேற்று வகை நித்திரை மருந்துகள் அளவு மீறினால் உயிரைக் கொள்வன. அவற்றோடு ஒப்பிட்டபோது இப்புதிய மருந்து பாதுகாப்பானதாகத் தோன்றியதில் வியப்பில்லை. வைத்தியர்கள் மகிழ்ந்தார்கள், நோயாளர் அதனினும் மகிழ்ந்தார்கள். 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் வைத்தியர்கள் வேறெம்மருந்தினும் அதிகமாக எழுதிக்கொடுத்தது வாலியமே. 1978ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் ஏறக்குறைய 230 கோடிக் குளிசைகள் விற்பனையாயின. வீட்டுவேலையில் அலுத்த பெண்ணுக்கும், விமானத்தில் ஏற அஞ்சும் வியாபாரிக்கும், மகனைப் போருக்கு அனுப்பிய தாய்க்கும் ஒரே குளிசை. துயரத்துக்கெல்லாம் ஒரே மருந்து இருக்கிறது என்று ஒரு நாடு நம்பிவிட்டால், துயரத்தின் காரணம் என்னவென்று கேட்பதற்கு எவருக்கும் நேரமிராது.

எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. 1961ஆம் ஆண்டிலேயே, லிப்ரியம் வெளிவந்த மறுஆண்டிலே, லியோ ஹொலிஸ்டர் என்ற அமெரிக்க வைத்தியர் ஒரு சோதனையை வெளியிட்டார். பெருமளவில் லிப்ரியம் உண்டுவந்த 11 நோயாளருக்கு, அவர்கள் அறியாமலே, மருந்தற்ற வெறுங் குளிசையை மாற்றிக் கொடுத்தார். அவர்களுள் 10 பேருக்கு முன்னில்லாத உபாதைகள் தோன்றின; இருவருக்கு வலிப்பு வந்தது. பெருமளவு உண்டோருக்கன்றோ இப்படி நேர்ந்தது, வழக்கமான அளவில் அச்சமில்லை என்று உலகம் தன்னைத் தேற்றிக்கொண்டது. வழக்கமான அளவிலும் நேரும் என்பது வைத்திய உலகில் ஐயமின்றி நிலைபெற மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. இடையில், 1979ஆம் ஆண்டில், அமெரிக்க மேற்சபையின் குழுவொன்று செனற்றர் எட்வேர்ட் கென்னடியின் தலைமையில் இதனை விசாரித்தது. அதே ஆண்டில் பார்பரா கோர்டன் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர், பல்லாண்டு உண்ட வாலியத்தைத் திடீரென நிறுத்தித் தாம் மனநல மருத்துவமனைவரை சென்ற கதையைப் புத்தகமாக எழுதினார்.

இஃது ஏன் நேர்கிறது? எனக்குத் தெரிந்த உவமை வகுப்பறைதான், பொறுத்தருள்க. மூளையிலே கிளர்ச்சியை அடக்குவதற்கென்று காபா எனப்படும் ஒரு பொருள் இயல்பாகவே உண்டு. அதனை வகுப்புத் தலைவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயசெப்பாம் போன்ற மருந்து அந்தக் காபாவின் கைக்கு வலுச்சேர்க்கிறது. அது பொருந்துகின்ற இடம் மூளையில் உண்டு என்பதை 1977ஆம் ஆண்டில் டென்மார்க்கிலும் சுவிற்சர்லாந்திலும் கண்டார்கள். பிரம்போடு ஓர் ஆசிரியர் வகுப்புத் தலைவனின் பின்னால் வந்து நின்றதுபோல வகுப்பு அடங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு இது நன்று. மாதக்கணக்கில் அந்த ஆசிரியர் அங்கேயே நின்றால் நிகழ்வது என்ன? வகுப்புத் தலைவனின் சொல்லுக்கு மதிப்பில்லாமற் போகிறது. பிள்ளைகள் ஆசிரியருக்கும் பழகிவிடுகிறார்கள். இன்னும் பெரிய பிரம்பு வேண்டியிருக்கிறது. பின்னர் ஒரு நாட் காலையில் அந்த ஆசிரியர் சொல்லாமல் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால், அவ்வகுப்பின் இரைச்சல் அவர் வருமுன் இருந்த இரைச்சலைப் போலிராது, பன்மடங்காயிருக்கும்.

இதிலேயுள்ள சூழ்ச்சியை நேயர்கள் கவனிக்க வேண்டும். மருந்தை நிறுத்தியதும் தோன்றுபவை நித்திரையின்மை, படபடப்பு, காரணமற்ற அச்சம் என்பன. அம்மருந்தை எந்த நோய்க்காக உண்ணத் தொடங்கினோமோ அந்த நோயின் குறிகளும் அவையே. ஆகவே நோயாளி என்ன நினைக்கிறார்? "என் நோய் இன்னும் மாறவில்லை, இக்குளிசை இல்லாமல் நான் வாழ முடியாது" என்று நினைக்கிறார். மீண்டும் ஒன்றை விழுங்குகிறார், உபாதை நின்றுவிடுகிறது. இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? தானே மூட்டிய தீயைத் தானே அணைத்துப் பாராட்டுப் பெறுகிறது அந்தக் குளிசை.

2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. குடாநாட்டிலே அரிசியும் மாவும் அரிதாயின, மருந்துகளும் அரிதாயின. ஒரு நாள் கடைக்காரர் கையை விரித்தார். நான் வேறு கடைகளிற் கேட்டிருக்கலாம், வைத்தியரிடம் சென்றிருக்கலாம். மாறாக, வீட்டுக்கு வந்து, "நல்லதாய்ப் போயிற்று பெரியம்மா, பழக்கத்தை விட்டுவிடுங்கள்" என்றேன். படித்தவன் சொல்கிறான் என்று அவரும் தலையசைத்தார். அந்தச் சொல்லை நினைக்க எனக்கு இன்றும் நாணமாக இருக்கிறது.

முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் நேரவில்லை. டயசெப்பாம் உடம்பிலிருந்து மெல்ல மெல்லவே நீங்கும் மருந்து. அதன் மிச்சம் நாட்கணக்கில் உள்ளே தங்கியிருக்கும். ஆதலால் தண்டனை தாமதித்து வருகிறது. மூன்றாம் நாள் கைகள் நடுங்கின. நான்காம் நாள் குப்பிவிளக்கின் ஒளியைத் தாங்க முடியவில்லை என்றார். பீங்கான் கோப்பையை வைக்கும் ஒலிக்குத் திடுக்கிட்டார். தோளிலே எறும்பு ஊர்கிறதென்று தட்டிக்கொண்டேயிருந்தார், எறும்பு இருக்கவில்லை. "தம்பி, அந்தப் பழைய பயம் திரும்பி வந்திட்டுது" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். நாட்டிலே மீண்டும் குண்டுச் சத்தம் கேட்ட காலம் அது. பயப்படக் காரணமா இல்லை?

ஏழாம் நாள் நள்ளிரவில் அவருக்கு வலிப்பு வந்தது. வெளியே ஊரடங்குச் சட்டம். வாகனமில்லை. அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தேன்.

காலையில் வைத்தியசாலையில் எங்களைப் பார்த்த வைத்திய நிபுணர் கேட்ட முதற்கேள்வி, "என்ன மருந்து எடுக்கிறார்?" என்பதன்று; "எந்த மருந்தை நிறுத்தினீர்கள்?" என்பது. கொட்டைப்பெட்டியிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புகளில் கிழிந்து, மை மங்கியிருந்தது. மருந்தின் பெயருக்குப் பக்கத்தில், ஒரு மூலையில், 2/52 என்று எழுதியிருந்தது. பத்து ஆண்டுகளாக அதை ஏதோ பதிவேட்டு இலக்கம் என்று நான் எண்ணியிருந்தேன். அது வைத்தியர்களின் குறியீடு. 52 வாரங்களில் இரண்டு வாரம், அதாவது இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று பொருள். மாணவர்களுக்கு "வினாவை முழுமையாக வாசியுங்கள்" என்று கால் நூற்றாண்டாகச் சொல்லிவருகின்றவன் நான்.

அந்த இளம் வைத்தியர் சரியாகவே எழுதியிருந்தார். இங்கிலாந்தில் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988ஆம் ஆண்டிலேயே இக்குடும்ப மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேற் கொடுக்கலாகாது என்று வைத்தியர்களுக்கு அறிவித்திருந்தது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களமும் 2020ஆம் ஆண்டில், பழக்கமாகிவிடுதல் பற்றியும் திடீரென நிறுத்துவதன் ஆபத்துப் பற்றியும் இம்மருந்துகள் அனைத்தினதும் விபரத்தாளில், கட்டமிட்ட எச்சரிக்கையாக அச்சிடவேண்டும் என்று கட்டளையிட்டது. எழுதப்படாத குறை எங்கும் இல்லை. வாசிக்கப்படாத குறையே உண்டு. அந்தக் குறியீட்டை எனக்கு ஒருவரும் வாய்திறந்து விளக்கவில்லை என்பதும் உண்மையே. நோயாளியின் மொழியில் எழுதாத துண்டு பாதித் துண்டுதான் என்பது என் கருத்து.

நிபுணர் அந்தக் குளிசையையே திரும்பக் கொடுத்தார். எனக்கு வியப்பாயிருந்தது. "ஏறிய படிகளிலேயே இறங்க வேண்டும், குதித்தால் கால் முறியும்" என்றார். இம்முறையை உலகத்துக்கு நன்றாக எடுத்துக்காட்டியவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பேராசிரியை ஹெதர் அஷ்டன். 1982 முதல் 1994 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இத்தகைய நோயாளருக்கென்றே அவர் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். 1999ஆம் ஆண்டில் தம் அனுபவத்தைக் கைந்நூலாக்கினார். 2019ஆம் ஆண்டில் மறைந்தார். நோயாளர் சொல்வதை நம்பியதே அவருடைய சிறப்பு என்பேன். எவ்வளவு வேகத்திற் குறைப்பது என்பதை நோயாளியே உணர்ந்து சொல்ல, வைத்தியர் அதற்கேற்ப நடத்துவது அவர் முறை.

பெரியம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மில்லிகிராம் குறைத்தார்கள். 2 மில்லிகிராம் குளிசையை சவர அலகினால் இரண்டாக்குவது என் வேலை. அப்பியாசக் கொப்பியொன்றில் இடாப்புப் போலக் கோடு கீறி, திகதி, அளவு, நித்திரை என்று மூன்று நிரல்கள் வைத்தேன். 3 மில்லிகிராமுக்கு வந்தபின் அரை அரையாகக் குறைத்தார்கள். ஒரு கட்டத்தில் நான்கு வாரம் அசையாமல் நின்றோம். நடுக்கம் வந்தது, ஆனால் மேலே ஏறவில்லை. பத்து மாதங்கள் சென்றன.

அளவு குறையக் குறைய நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். பெரியம்மா அடுப்பிலே வைத்ததை மறப்பதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும், முற்றத்துப் படியில் தடுமாறுவதும் வயதின் கோளாறு என்று எண்ணியிருந்தோம். அவற்றுட் பெரும்பகுதி குளிசையின் கோளாறு. முதியோரின் உடம்பு இம்மருந்தை விரைவிற் கழிக்கமாட்டாது. இன்றைய குளிசை நேற்றைய மிச்சத்தின்மேல் ஏறுகிறது. இவ்வாறு நெடுநேரம் தங்கும் மருந்துகளை உண்ணும் முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறிவது கூடுதல் என்று 1980களிலேயே அமெரிக்க ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். மதுவோடும், அபின் இனத்து நோமருந்துகளோடும் இது சேர்ந்தால் மூச்சே நின்றுவிடக்கூடும். குளிசையை எடுத்துக்கொண்டு மோட்டார் வண்டி ஓட்டுவோரும் நம்மிடையே உண்டு.

இம்மருந்தை நான் பழிக்கவில்லை. வலிப்பை நிறுத்தவும், ஏர்ப்புவலியில் இறுகிய தசையைத் தளர்த்தவும், குடியை விடுவோரின் நடுக்கத்தைத் தணிக்கவும் இதற்கு இணையானவை சிலவே. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டயசெப்பாம் இருக்கிறது. அன்று காலை பெரியம்மாவைக் காத்ததும் அதுவே. இப்பேச்சைக் கேட்டுவிட்டு இன்றிரவே எவரும் தம் குளிசைகளை எறிந்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கின்றேன். நான் செய்தது அதுதான். பல மாதம் உண்டவராயின் வைத்தியரிடம் சென்று, எப்படி இறங்குவது என்று கேளுங்கள். இன்றுதான் முதன்முதலாக ஒருவர் எழுதித் தருகிறாராயின், எத்தனை நாளைக்கு என்று கேட்டு, அந்த எண்ணைத் தமிழிலே, உங்கள் கையாலேயே துண்டின் பின்புறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள முதியவருக்கு நீங்கள் வாங்கிக் கொடுப்பவராயின், அந்தத் துண்டு எந்த ஆண்டினது என்று ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கம் 2007ஆம் ஆண்டு யூலை மாதத்தது. அளவு என்னும் நிரலில் சுழியம் இட்ட நாலைந்து நாட்களுக்குப் பின், ஒரு காலை பெரியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கோயிலிலை திரும்பவும் வெள்ளெனப் பூசை மணி அடிக்கத் தொடங்கியிட்டினமோ தம்பி?" என்று கேட்டார். அந்த மணி ஒரு நாளும் நின்றதில்லை என்றேன்.